மூடியது திரை, ஓடியது இயந்திரம்: கிளவுட் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டது, சுருக்கமாக: "இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, நெல் இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மாடல் ஒன்றைக் கிளவுட்டில் பயிற்றுவித்தேன். வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன். செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் 84 டொலர் பில். கார்ட் கனடாவில் இருக்கும் சித்தப்பாவுடையது. 10 டொலருக்கு பட்ஜெட் எச்சரிக்கையும் போட்டிருந்தேன். எங்கே பிழைத்தது? இனிப் பயமில்லாமல் எப்படிப் பாவிப்பது? விவசாயிகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் சட்பொட் ஒன்றும் செய்ய ஆசை. அதற்கு எவ்வளவு போகும்?"

முதலில் இதைச் செய்யுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். கிளவுட் என்பது வேறொரு நிறுவனத்தின் கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. உங்கள் கணக்குக்குள் போய் அந்த வாடகை இயந்திரம் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். நிறுத்தினால் மட்டும் காணாது, அழித்துவிடுங்கள். மாடல் கோப்பை அதற்கு முன் இறக்கிக்கொள்ளுங்கள். அமேசான் கிளவுட்டில் மேல் மூலையில் பிராந்தியத்தின், அதாவது இயந்திரங்கள் இருக்கும் இடத்தின், பெயர் இருக்கும். அதை மாற்றி மாற்றி, நீங்கள் எப்போதாவது கைவைத்த பிராந்தியங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். மும்பையைத் திறந்து வைத்திருப்பவருக்கு வெர்ஜீனியாவில் ஓடுவது தெரியாது. எத்தனையோ பேர் "எல்லாம் மூடிவிட்டேன், இன்னும் பில் வருகிறதே" என்று தலையில் கைவைப்பது இதனால்தான்.

அடுத்தது, பில் பிரிவின் உதவிக்கு ஒரு கடிதம். நான் மாணவி, இது முதல் தடவை, இயந்திரம் சும்மா ஓடியது எனக்குத் தெரியாது, இப்போது அழித்துவிட்டேன், எச்சரிக்கையும் திருத்திவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முதல் தடவைப் பிழையைத் தள்ளுபடி செய்வது இந்தத் துறையில் வழக்கம்தான். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்பதில் நட்டம் இல்லை. கார்ட்டை முடக்கினால் பில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார்ட் மறுக்கப்பட்டாலும் கடன் கணக்கில் அப்படியே நிற்கும்.

சித்தப்பாவுக்கு வங்கியின் குறுஞ்செய்தி போவதற்கு முன் நீங்களே ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். வன்னியில் பல பிள்ளைகள் கிளவுட் கணக்குத் திறப்பது வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு மாமாவின், சித்தியின் கார்ட்டில்தான். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 84 டொலர் 25,200 ரூபா. அதைவிட, அடுத்த முறை கேட்க முகம் இல்லாமல் போவதுதான் பெரிய நட்டம்.

சரி, எங்கே பிழைத்தது என்று பார்ப்போம்.

வியாழன் பின்னேரம் ஐந்திலிருந்து செவ்வாய் காலை ஒன்பது வரை 112 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு முக்கால் டொலர் என்று பெருக்கினால் சரியாக 84. இதில் மாடல் பழகிய மூன்று மணித்தியாலத்தின் விலை இரண்டேகால் டொலர். மிச்சம் 81 டொலர் 75 சதமும், யாரும் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றியதற்கு.

காணி துப்புரவாக்க பெக்கோவை மணித்தியாலக் கணக்கில் பிடித்திருப்பீர்கள், அல்லது பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும். வாளி மண்ணைத் தோண்டுகிறதா, ஓட்டுநர் இறங்கித் தேத்தண்ணி குடிக்கிறாரா என்று மீட்டருக்குக் கவலையில்லை. கிளவுட் இயந்திரமும் அப்படித்தான். மடிக்கணினியை மூடுவது, வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தது போல. பெக்கோ வெளியே உறுமிக்கொண்டேதான் நிற்கும். பிரவுசருக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டும் நோட்புக் சேவைகளில் இந்த ஏமாற்றம் இன்னும் கூட. பிரவுசர் தாவலை மூடினால் வேலை முடிந்ததாகவே மனதுக்குப் படும்.

இனி அந்தப் பட்ஜெட் எச்சரிக்கை. உங்கள் செலவு 10 டொலரைத் தாண்டியது வெள்ளி விடிய ஆறரைக்குக் கிட்ட. மின்னஞ்சல் அன்றைக்கே எப்போதாவது வந்திருக்கும். ஸ்பாம் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். வந்ததைப் பார்த்திருந்தாலும், அது செய்தி சொல்லும் வேலையோடு நின்றுவிடும். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் பார்க்கும் அளவுகோல் ஒன்று, வான்கதவு வேறொன்று. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிக்காரருக்கு இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்ஜெட் எச்சரிக்கை அளவுகோல். கதவை நீங்கள்தான் கட்டவேண்டும்.

அளவுகோலும் பிந்தித்தான் காட்டும். அமேசானில் பட்ஜெட் கணக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று தடவைதான் புதுப்பிக்கப்படும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 முதல் 12 மணித்தியாலம் போகும். மணித்தியாலத்துக்கு 3 டொலர் எடுக்கும் இயந்திரம் அந்த இடைவெளியில் 36 டொலரைத் தின்றுவிடும். கூகுள் கிளவுட்டிலும் பட்ஜெட் தானாக எதையும் நிறுத்தாது. எல்லை தாண்டினால் பில்லிங்கையே துண்டிக்கும்படி ஒரு சின்ன நிரலை நாமே எழுதிக் கோர்க்கவேண்டும். அமேசானில் "பட்ஜெட் ஆக்‌ஷன்" என்று ஒன்று இருக்கிறது. எல்லை வந்ததும் குறிப்பிட்ட இயந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம். நல்லதுதான், ஆனால் அதுவும் அதே பிந்திய கணக்கைப் பார்த்துத்தான் அசையும்.

நான் கட்டும் கதவு மிகவும் சாதாரணமானது. லினக்ஸ் இயந்திரத்துக்குள் நுழைந்தவுடன், ஒரு கோப்பையும் திறக்க முன்னர், அட்மின் உரிமையோடு ஷட்டவுன் கட்டளையை அடித்து, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் 240 என்ற எண்ணும் போடுவேன். இன்னும் 240 நிமிடத்தில் தானாக அணைந்துவிடு என்று அர்த்தம். வேலை இழுத்தால் ரத்துச் செய்து புதிதாகப் போடலாம். நித்திரை தூங்கினாலும், கரண்ட் போனாலும், சிக்னல் விழுந்தாலும், நான்கு மணித்தியாலத்தில் கதவு விழும். பயிற்சி நிரலின் கடைசி வரியிலும் ஷட்டவுன் கட்டளையை, இம்முறை உடனே அணையும்படி, வைப்பேன், முந்தி முடிந்தால் முந்தி அணையட்டும் என்று. மாடலைச் சேமிக்கும் வரி அதற்கு மேலே இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். நான் ஒருமுறை மாற்றி எழுதிவிட்டு, ஆறு மணித்தியால வேலையை அப்படியே குளத்தில் விட்டேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அமேசானிலும் கூகுளிலும் இயந்திரத்தின் உள்ளேயிருந்து அணைத்தால் இயந்திர வாடகை நின்றுவிடும். மைக்ரோசொஃப்ட் அசூரில் அப்படி இல்லை. உள்ளேயிருந்து அணைத்தால் "நிறுத்தப்பட்டது" என்று காட்டும், வாடகை தொடர்ந்து ஓடும். அசூரின் இணையப் பக்கமான போர்ட்டலில் போய் நிறுத்தி, "டீஅலொக்கேட்" (இயந்திரம் விடுவிக்கப்பட்டது) என்ற சொல் வந்தால்தான் உண்மையில் நின்றது. நோட்புக் சேவைகளில் உள்ளேயிருந்து அணைக்கும் வித்தை சரிவராது. வேலையில்லாமல் சும்மா இருந்தால் தானாக அணைக்கும் "ஐடில்" அமைப்பைத் தேடிப் போடுங்கள்.

நிறுத்திய பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகுபவை சில உண்டு. வட்டு அதில் முதல். 100 ஜிபி வட்டு அமேசானில், வெர்ஜீனியா விலைக்கு, மாதம் 8 டொலர். இயந்திரம் தூங்கினாலும் அது தூங்காது. இணையத்தில் இயந்திரத்தின் விலாசமான பொது ஐபி முகவரியை நிலையாக ஒதுக்கி வைத்திருந்தால் அதுவும் ஒழுகும்: 2024 பெப்ரவரியிலிருந்து எல்லாப் பொது ஐபிவி4 முகவரிக்கும் அங்கே மணித்தியாலத்துக்கு அரைச் சதம் எடுக்கிறார்கள், மாதத்துக்கு மூன்றரை டொலருக்குக் கொஞ்சம் மேல். செயற்றிட்டம் முடிந்து ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால், உங்கள் 84 டொலரைத் தாண்டி இன்னொரு பில். அதனால்தான் அழிக்கச் சொன்னேன்.

இன்னொரு பூட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது, யாரும் பாவிப்பதில்லை. புதுக் கணக்குகளில் ஜிபியூ (மாடல் பயிற்சியை வேகமாக்கும் செயலி) எடுக்கும் அளவு, அதாவது கோட்டா, பெரும்பாலும் பூச்சியத்தில் இருக்கும். கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பிக்கவேண்டும். ஆட்கள் அதை ஒரு தொல்லை என்று நினைத்து, ஒரேயடியாகப் பெரிய எண்ணைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அமேசானில் நீங்கள் 4 விசிபியூ (அந்த அளவைக் கணக்கிடும் செயலி அலகு) மட்டும் கேளுங்கள். டி4 என்ற ஜிபியூ கார்ட் உள்ள ஆகச் சின்ன இயந்திரம் ஒன்றுக்கு அது காணும். ஒரே நேரத்தில் இரண்டாவதைத் திறக்க நீங்கள் நினைத்தாலும் முடியாது, உங்கள் கணக்கைத் திருடியவர் நினைத்தாலும் முடியாது. அந்தக் கோட்டா பிராந்தியத்துக்குப் பிராந்தியம் தனித்தனி என்பதால், ஒரு பிராந்தியத்துக்கு மட்டும் கேட்டால் மற்றவை பூட்டியபடியே இருக்கும்.

திருட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏபிஐ திறப்பை, அதாவது உங்கள் கணக்கைப் பாவிக்க நிரலுக்குக் கொடுக்கும் இரகசியக் குறியீட்டை, நிரலுக்குள் எழுதி, அந்த நிரலைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். அதைத் தேடித் திரியும் ரோபோக்கள் உண்டு. சில நிமிடத்தில் எடுத்து, உங்கள் செலவில் கிரிப்டோ தோண்டத் தொடங்கிவிடும். பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் இருக்கும், திறப்பையே மாற்றவேண்டும்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் உங்கள் வேலைக்குக் கிளவுட்டில் காசு கொடுத்து இயந்திரம் எடுக்கத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். நெல் இலைப் படங்கள் மூவாயிரம் என்று வைப்போம். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால் மொத்தம் 12 ஜிபி. அதை அப்படியே ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று மணித்தியாலம் போனதற்குக் காரணமும் பெரும்பாலும் அதுதான். இப்படிப்பட்ட மாடல் படத்தைப் பார்ப்பது பெரும்பாலும் 224க்கு 224 புள்ளி அளவில். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெரிய படத்தைத் திறந்து, சுருக்கி, ஜிபியூவுக்குக் கொடுக்கும் வேலையைச் செய்வது சாதாரணச் செயலி. ஜிபியூ கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஜிபியூவின் பாவனையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை அடித்துப் பாருங்கள். பாவனை 10, 15 சதவீதத்தில் கிடந்தால், டி4 கார்ட்டுக்குக் காசு கொடுத்து அதை வாசலில் இருத்தி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மடிக்கணினியிலேயே, இரவில், எல்லாப் படத்தையும் 256 புள்ளிக்குச் சுருக்கிவிடுங்கள். பைதனில் பத்து வரி. 12 ஜிபி நூறு எம்பிக்குக் கிட்ட வந்துவிடும். புதுக்குடியிருப்பில் போன் டேட்டாவில் 12 ஜிபி ஏற்றுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நூறு எம்பியை ஒரு பாட்டுக் கேட்டு முடிய ஏற்றலாம், சரி, இரண்டு பாட்டு. அதற்குப் பிறகு, ஏற்கெனவே பயிற்றுவித்த மொபைல்நெட் என்ற சின்னப் பட மாடலை எடுத்துக் கடைசி அடுக்குகளை மட்டும் மாற்றிப் பயிற்றுவித்தால், டி4 கார்ட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

அந்த ஒரு மணித்தியாலத்தை இலவசமாகத் தரும் இடங்கள் இருக்கின்றன. காகிள் என்ற தளத்தில் தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்தினால் வாரத்துக்கு ஏறத்தாழ 30 மணித்தியாலம் ஜிபியூ, கார்ட் இலக்கம் கேட்கமாட்டார்கள். நம்முடைய இடத்துக்கு அதில் இன்னொரு வசதி: "சேவ் அண்ட் ரன் ஓல்" என்று கொடுத்தால் நோட்புக் அவர்கள் பக்கத்தில் தானாக ஓடி முடியும். இங்கே கரண்ட் போகட்டும், மழைக்குச் சிக்னல் போகட்டும், காலையில் வந்து விடையை எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் நோட்புக் சேவையான கொலாபும் இலவச ஜிபியூ தரும், ஆனால் தாவலைத் திறந்தபடி காவல் இருக்கவேண்டும். சும்மா விட்டால் துண்டித்துவிடும், சேமிக்காத கோப்பும் அதோடு போய்விடும். பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால் அசூரின் மாணவர் கணக்கு கார்ட் இல்லாமலே 100 டொலர் வரவு தரும். வரவு முடிந்தால் கணக்கு நின்றுவிடுமே தவிர யாருடைய கார்ட்டிலும் கைவைக்காது. அளவுகோலும் கதவும் ஒன்றாக வந்த அபூர்வமான இடம் அது. சித்தப்பாவின் கார்ட்டுக்குப் போக முன்னர் இந்த மூன்றையும் தட்டியிருக்கலாம்.

பெரிய மாடல்தான் வேண்டும், காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஸ்பொட் இயந்திரம் எடுங்கள், அதாவது அவர்களிடம் சும்மா கிடப்பதை மலிவாக வாடகைக்கு எடுப்பது. அமேசானில் விலை 90 சதவீதம் வரை குறையலாம். அவர்களுக்குத் தேவைப்பட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். அமேசான் இரண்டு நிமிட அவகாசம் தரும், கூகுள் 30 செக்கன். கரண்ட் வெட்டோடு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு சுற்று முடிய மாடலை வெளியே ஒரு சேமிப்பில் எழுதிவைத்தால், பிடுங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சட்பொட் பற்றிக் கேட்டீர்கள். இங்கே தமிழருக்கென்று ஒரு தனிச் செலவு இருக்கிறது, அதைப் பெரும்பாலான ஆங்கில விளக்கங்கள் சொல்லாது. மொழி மாடல்களின் ஏபிஐ (நம் நிரல் மாடலைக் கூப்பிடும் வழி), சொற்கணக்கில் காசு எடுப்பதில்லை. டோக்கன் கணக்கில் எடுக்கும். டோக்கன் என்பது எழுத்துகளை மாடல் வெட்டிக்கொள்ளும் துண்டு. ஆங்கிலத்தில் சாதாரணச் சொல் ஒன்று பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழில் "க" என்ற ஒரு எழுத்தே கணினிக்குள் மூன்று பைட், "கு" ஆறு பைட். இப்படித் துண்டாக்கும் நிரலை வெட்டி என்று வைப்போம். பழைய வெட்டிகள் தமிழை அதிகம் பார்த்திராததால் கொத்துரொட்டி மாதிரிக் கொத்திவிடும். 2024 மேயில் ஓப்பன்ஏஐ ஜிபிடி 4ஓவை வெளியிட்டபோது, ஒரே தமிழ் வாசகம் பழைய வெட்டியில் 116 டோக்கன், புதியதில் 35 என்று அவர்களே காட்டினார்கள். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம், அதே வாசகத்துக்கு! ஆகவே விலைப்பட்டியலில் ஒரு டோக்கனின் விலை குறைவு என்பதைப் பார்த்து மாடலைத் தெரிவுசெய்யாதீர்கள். "கபிலத் தத்திக்கு என்ன மருந்து, எப்ப அடிக்கிறது?" என்பது போன்ற உண்மையான கேள்விகள் இருபதை எடுத்து, ஒவ்வொரு மாடலுக்கும் அனுப்பி, எத்தனை டோக்கன் போனது, பதில் சரியா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் தரும் கணக்குத்தான் உங்கள் கணக்கு.

உரையாடல் நீள நீளச் செலவு ஏறும் விதத்தையும் கவனியுங்கள். பத்தாவது கேள்வியை அனுப்பும்போது முதல் ஒன்பது கேள்வியும் பதிலும் அதோடு சேர்ந்து திரும்பப் போகின்றன. ஐயாமார் வட்ஸ்அப்பில் கதைப்பது போல மழை, உரம், மானியம் என்று சுற்றிக் கதைப்பார்கள். ஒரே உரையாடலாக வைத்திருந்தால் கடைசிக் கேள்விக்கு முதற்கேள்வியைப் போல் பல மடங்கு போகும். கடைசி மூன்று நான்கு பரிமாற்றத்தை மட்டும் அனுப்புங்கள், பதிலின் நீளத்துக்கும் உச்சவரம்பு போடுங்கள். முற்பணம் கட்டும் ஏபிஐ என்றால் 5 டொலர் போட்டுவிட்டு, தானாக நிரப்பும் அமைப்பை அணைத்துவிடுங்கள். காசு முடிந்தால் பொட் வாயை மூடும், அவ்வளவுதான்.

கடைசியாக, மாடலை ஆட்கள் பாவிக்க எங்கே வைப்பது என்ற விஷயம். கிளவுட்டில் என்ட்பொயின்ட் என்று ஒன்றைத் திறந்தால், அதாவது மாடலிடம் எந்நேரமும் கேட்கக்கூடிய இணைய முகவரி ஒன்றைத் திறந்தால், கேள்வி வந்தாலும் வராவிட்டாலும் பெரும்பாலும் இராப்பகலாக வாடகை. என் கதையைச் சொல்கிறேன். ஒரு வைகாசியில் என்ட்பொயின்ட் ஒன்றைத் திறந்து சோதித்துவிட்டு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனேன். அங்கேயிருந்து அக்கா வீடு, அங்கேயிருந்து ஒரு கலியாணம். ஒன்பதாம் நாள் திரும்பிவந்து பார்த்தால் 160 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒன்பது நாளில் அதற்கு வந்த கேள்விகள் இரண்டு. இரண்டும் நான் புறப்பட முன்னர் அனுப்பியவை. பொங்கல் பானைக்கு அரிசி போட்ட நேரத்தில் எங்கோ ஒரு இயந்திரம் எனக்காக நெருப்பு எரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் மாடலுக்கு என்ட்பொயின்ட் வேண்டாம். மொபைல்நெட்டைச் சுருக்கினால் 4 எம்பிக்குக் கிட்ட வரும். சாதாரண அண்ட்ரொய்ட் போனிலேயே, இணையம் இல்லாமல், படம் எடுத்த கையோடு விடை சொல்லும். முத்தையன்கட்டு வயல் வரம்பில் நின்று பார்த்தால் போனில் ஒரு கோடு சிக்னல் வரும், பிறகு அதுவும் போகும். சேர்வருக்குப் படம் அனுப்பி விடைக்குக் காத்திருக்கும் செயலியை அங்கே ஒரு விவசாயியும் இரண்டாம் தரம் திறக்கமாட்டார். செயலிக் கோப்பை வட்ஸ்அப்பிலோ புளூடூத்திலோ ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் மற்றவருக்குக் கொடுப்பார். பயிற்றுவிக்கும் நிரல் ஓடும்போது எங்காவது இடறினால், பிழைச் செய்தியை முழுதாக ஒட்டி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.